கொட்ட வேண்டிய தண்ணீர்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்பு வார்தான். அப்போது கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் செருப்பைக் கழற்றியபோது காலில் வார் பதிந்த இடம் வீக்கத்தில் பள்ளமாகவே நின்றது. வெயில்தான் காரணம் என்று இரண்டு மாதம் எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

மதுரையில் ரத்தம் பார்த்த டாக்டர், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருப்பதாகச் சொன்னார். பழுதானது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றினால் டயாலிசிஸை (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பது) தள்ளிப்போடலாம். இளநீர், வாழைப்பழம் கூடாது. காய், கீரையை நிறைய நீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் (ரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பைக் குலைக்கும் உப்பு) அதில் இறங்கியிருக்கும். சுற்றிலும் தென்னையும் வாழையும் நிற்கிற ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது.

ஜீப்பை விட்டேன். என் மனைவி செல்வி ஏலத்தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கினாள். நான் ஓட்டிய அதே பாதையில், வேறொருவர் ஓட்டும் ஜீப்பில் காலையில் போனால் திரும்ப மாலையாகும். அதனால் சமையலைப் பிரித்துக்கொண்டோம். பகலில் சோறும் காயும் என் பொறுப்பு. மாலையில் குழம்பும் ரசமும் அவள் பொறுப்பு.

என் முதல் பொரியலைத் தின்றுவிட்டு, "வண்டி ஓட்டுனாப்புலயே சமைச்சிருக்கீக. எல்லாம் குலுங்கிக் கெடக்கு" என்றாள்.

தண்ணீரை வடித்தேன், கொட்டவில்லை. எங்கள் பக்கம் கீரை வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துவைப்பதுதான் வழக்கம். முருங்கைக்கீரைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. மலையேறி வேலைசெய்கிற செல்விக்காவது ஆகட்டும் என்று மூடிவைப்பேன். அவள் தனக்கு அதில் ரசம் வைப்பாள். எனக்கு வெறும் தண்ணீரில் தனி ரசம்.

கொஞ்ச நாளில் என் ரசத்துக்கும் ருசி வந்தது. கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகு ஒரு காலையில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. கால்கள் இரண்டும் யாருடையவோ போலக் கிடந்தன. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொட்டாசியம் எக்கச்சக்கம். இதயம் நிற்காததே அதிசயம் என்றார் டாக்டர்.

"என்னதான் சாப்பிட்டீங்க?"

"மதுரை டாக்டர் சொன்னதுதான் சார்" என்றேன்.

கட்டிலோரம் நின்ற செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான் சார். கீரத் தண்ணிய அவுக ரசத்துலயும் ஊத்திட்டேன். சத்தெல்லாம் அதுலதான இருக்கு. ஆளு கரைஞ்சுக்கிட்டே போறாகளேன்னு..."

"என்னையக் கொல்லப் பாத்தியாடி?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

வீடு திரும்பியபின் அவள் அடுப்பைத் தொடவில்லை. இரண்டு வேளையும் நானே சமைத்தேன். ஏலக்காய் மணக்கிற கையோடு வந்து, போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் செல்வி. மொத நாளே நாக்கு கண்டுபிடிச்சிருச்சு. ருசியா இருந்துச்சு. நீ நிப்பாட்டிருவியோன்னு வாயத் தொறக்கல."

"தெரிஞ்சேவா குடிச்சீக?" அவள் கையை விரித்துக் காட்டினாள். "எட்டு நாளா இந்தக் கையப் பாக்கவே எனக்குப் பிடிக்கல."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் இந்த நோய் இருந்தால், தண்ணீரை வடித்த கையோடு கொட்டிவிடுங்கள். ருசி கூடினால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தில் போனது திரும்பவில்லை. டயாலிசிஸ் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் செல்வி என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பள்ளம் நிரம்பும்வரை எண்ணுகிறாள். முன்பு ஆறுக்குள் நிரம்பிவிடும். இன்று பதினொன்று. வாசலில் ஜீப் எத்தனை ஹார்ன் அடித்தாலும் அவள் பாதியில் எழுந்து போவதில்லை.