எந்தக் கணக்கிலும் இல்லாத தம்பி

போன லீவு முடிந்து துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்புக்குத் திரும்பும்போது, கல்லூரியில் படிக்கும் என் மகள் பெட்டிக்குள் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டாள். ஜெர்மன்காரர்கள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவர் எழுதியது. தமிழில் போட்டிருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். சாமி பாட்டுப் புத்தகம் தவிர வேறு வாசித்துப் பழக்கமில்லை. வாய்விட்டு வாசித்தால்தான் எனக்கு மனசில் ஏறும்.

அதைக் கேட்க ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். என் கீழ்க்கட்டில்காரர். இலங்கையில் வன்னிப் பக்கம், வெல்டர் வேலை. டூட்டி முடிந்து வந்தால் கண் எரியும், ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டுதான் கேட்பார். புத்தகத்தில் வரும் மனுஷர்களுக்கு மொட்டையடித்து, துணியைப் பிடுங்கி, பேரை எடுத்துவிட்டுக் கையில் நம்பரைக் குத்தினார்களாம். ஒருநாள் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, புத்தகம் எழுதினவர் திரும்பியே பார்க்கவில்லையாம். தன்னைத்தான் என்று தோன்றவில்லையாம்.

எதிர்க்கட்டில் தஞ்சாவூர்ப் பையன் சிரித்தான். "கேம்ப்ல படுத்துக்கிட்டு கேம்ப் கதையாண்ணே? நம்மளையும் நம்பர் சொல்லித்தானே பஸ்ல ஏத்துறான்."

அப்படிப் பேசாதே, நமக்கு லீவு உண்டு, ஊருக்குப் போக டிக்கெட் உண்டு, அவர்களுக்கு என்ன இருந்தது என்று கடிந்துகொண்டேன். வெல்டர் துண்டை எடுக்கவில்லை.

அவர் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். சண்டை முடிந்தபோது அம்மாவோடும் தம்பியோடும் முள்கம்பி போட்ட முகாமில் இருந்தவர். ஒருநாள் தண்ணீர் வரிசையில் தம்பி நின்றிருந்தான். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ராணுவக்காரர்கள் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். கேனைக் கீழே வைத்துவிட்டு ஏறினான். அவன் இடத்தில் இவர் நின்று அந்தக் கேனை நிரப்பி அம்மாவிடம் கொண்டுபோனார். அதோடு சரி, தம்பி திரும்பவில்லை. அம்மா இன்றுவரை அவனுக்கு ஒரு திதி கொடுக்க விடவில்லை. கொடுத்தால் அவனைச் செத்தவனாக்கினதாக ஆகிவிடுமாம். ஊரில் வீட்டுக் கதவை இன்னும் தாழ் போடுவதில்லையாம்.

பிறகு ஒரு சாயங்காலம் புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. அந்த ஜெர்மன் முகாமில் காலையும் மாலையும் ஆட்களை நிறுத்தி எண்ணுவார்களாம். ராத்திரி செத்தவர்களையும் மற்றவர்கள் தூக்கிவந்து வரிசையில் கிடத்த வேண்டுமாம். கணக்கு சரியாக வரணுமே. உயிரில்லாத உடம்புக்கும் ஒரு எண்ணிக்கை. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

வெல்டர் துண்டை எடுத்தார்.

"அண்ணை, அங்க செத்ததுகளையும் எண்ணியிருக்கிறாங்கள்" என்றார். "என்ர தம்பியை ஒருத்தரும் எண்ணேல்லை. கேட்ட இடமெல்லாம், அப்பிடி ஒரு ஆள் எங்கட கணக்கில இல்லை எண்டுதான் சொன்னவங்கள்."

மேற்கொண்டு வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆடி அமாவாசை வந்தது. அன்று எங்களுக்கு வேலையில்லை. தேவிபட்டினம் கடலில் ஐயர் சொல்லிக்கொடுத்தபடி, கேம்ப் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் தாம்பாளம் வைத்து என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடுவேன். வெல்டரும் வருஷாவருஷம் கூட நின்று தன் அப்பாவுக்கு விடுவார். அன்றும் விட்டார். முடிந்தது என்று நான் செம்பை எடுக்கப் போனபோது, கையை நீட்டி இன்னும் கொஞ்சம் எள் கேட்டார். உள்ளங்கையில் வைத்தேன்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "பேரைச் சொல்லுப்பா" என்றேன்.

சொன்னார். இத்தனை வருஷம் ஒரே ரூமில் இருந்தும் அந்தப் பேரை அன்றுதான் கேட்டேன். மெதுவாக, சின்னப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி சொன்னார். நான் செம்பைச் சாய்க்கப் போனேன். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

"ஊத்தாதேங்கோ அண்ணை. அம்மா கதவைத் திறந்துதான் வச்சிருக்கிறா."

மூடின கையோடு அப்படியே நின்றார். வேர்வையில் எள் ஒட்டிப்போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பொட்டலத்தில் போட்டார். நான் நிறைசெம்போடு பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த சாஸ்திரத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தகம் அந்தப் பக்கத்தோடு நிற்கிறது. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் முருகன் படம் ஒட்டியிருக்கிறது. டூட்டிக்குக் கிளம்புமுன் திருநீறு பூசி, என் பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர் சொல்லிக் கும்பிடுவேன். இப்போது வெல்டரின் தம்பி பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். உயிரோடு இருக்கிறவனுக்காகவா, போய்விட்டவனுக்காகவா என்று சொல்வதில்லை. பேரை மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். கீழ்க்கட்டிலில் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பவர், நான் சொல்லி முடிக்கிறவரை தலை நிமிர்வதில்லை.