நான்காவது வரிசை காலியாக இருக்கவேண்டும்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் அளவுகோல். முதல் பெயர் பிறந்த வரிசையால் வந்தது. இரண்டாவது அவளே உழைத்துச் சம்பாதித்தது. பதினேழு வருடங்களுக்கு முன்பு குடுவை கழுவும் வேலைக்கு அங்கே போனாள். கழுவிய குடுவைகளைப் பக்கத்தில் நின்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து ஒரு டிப்ளமாவும் வாங்கினாள். ஒரு சொட்டு என்றால் அவளுக்கு ஒரு சொட்டுதான். கொஞ்சம் கூடிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், ஊற்றியதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவள் அண்ணன் குழாய் ரிப்பேர்க்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று வாடிக்கையாளர்களிடம் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காகவே ஒருநாள் சாப்பிடும்போது அவளை உட்காரவைத்து விவரம் கேட்டார்.

"நாம மூச்சு விடறோம்ல, அதுல இருக்கற ஆக்சிஜனே உள்ள இருக்கற டி.என்.ஏ.வைக் கொஞ்சம் கொஞ்சமா துருப்பிடிக்க வைக்கும்ணா. துருன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அப்படிக் கெட்டுப்போன எழுத்தைத் தேடிப் பிடிச்சு, வெட்டி எடுக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு."

"அட, அப்போ என் வேலையத்தான் பாக்குது. கூலி எவ்வளவு?"

"கூலியும் கிடையாது, லீவும் கிடையாது."

"உங்க அண்ணி மாதிரின்னு சொல்லு."

அண்ணி கரண்டியை ஓங்கினாள். அண்ணன் தட்டோடு நகர்ந்துகொண்டார்.

"அந்தப் புரதத்தைக் கண்ணால பாக்க முடியாதுண்ணா. அது எங்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கிட்டு, இதோ இங்க இருக்குன்னு காட்டிக்கொடுக்கறதுதான் ஆன்டிபாடி. முயலோட ரத்தத்துலேர்ந்து எடுப்பாங்க. விரல் நுனி அளவு புட்டியில வரும்."

"உளவாளி."

"அதேதான். ஆனா உளவாளி பொய் சொல்லக்கூடாது. அதான் கஷ்டம்."

அந்த உளவாளியைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு மூன்று கம்பெனிகளிலிருந்து மூன்று புட்டிகள் வந்தன. ஒன்று, கண்டதிலெல்லாம் ஒட்டி நான்கைந்து கோடுகள் காட்டியது. இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை. மூன்றாவது, இருக்கவேண்டிய உயரத்தில் ஒரே ஒரு கோடு. "இதை வாங்கலாம் சார்" என்று பேராசிரியரிடம் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கினார். அந்தப் புட்டியை நம்பி ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஆறு படங்கள் எடுத்து, கட்டுரை எழுதி, ஆய்வு இதழுக்கு அனுப்பினாள். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் ஆறு பெயர்கள். ஐந்தாவது சின்னவளுடையது. பதினேழு வருடத்தில் அவள் பெயர் அச்சில் வரப்போவது அதுவே முதல் தடவை.

இதழிலிருந்து பதில் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஆன்டிபாடி நீங்கள் சொல்லும் புரதத்தைத்தான் பார்க்கிறது என்பதற்கு என்ன சாட்சி? அந்தப் புரதமே இல்லாத செல்லில் வைத்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவையே நீக்கிய செல்களை வேறொரு நிறுவனம் ஐஸில் வைத்து அனுப்பியது. இரண்டே குழாய்கள். இன்னும் வேண்டுமென்றால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

திங்கள்கிழமை சின்னவள், கூழ்ப் பலகை போன்ற ஜெல்லின் குழிகளில் செல் மாதிரிகளை விட்டாள். முதல் வரிசையில் அளவுக் கோடுகள், இரண்டிலும் மூன்றிலும் சாதாரண செல், நான்காவதில் மரபணு நீக்கிய செல். மின்சாரம் பாய்ந்ததும் புரதங்கள் எடைக்கேற்ப மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்ததை அப்படியே காகிதம் போன்ற ஒரு சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். இரண்டு, மூன்று வரிசைகளில் கோடு தெரியவேண்டும். நான்காவது காலியாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் சவ்வைப் படமெடுக்கும் பெட்டிக்குள் வைத்தாள். மாணவி பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் அவசரக்குடுக்கை என்று பெயர். திரையில் படம் மெல்ல எழுந்தது. இரண்டாவது வரிசையில் கோடு. மூன்றாவதில் கோடு. நான்காவதிலும் கோடு.

"போச்சு" என்றாள் அவசரக்குடுக்கை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷம் போச்சுக்கா."

"எந்திரி. தரையில என்னென்ன சிந்தியிருக்கோ."

"நாமளே சிந்திட்டோம், இன்னும் என்னக்கா சிந்தறதுக்கு?"

பேராசிரியர் வந்து படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று சின்னவளுக்கு இருந்தது. "இல்லாத புரதத்தை இருக்குன்னு காட்டுதுன்னா, ஆன்டிபாடி வேற எதையோ பாக்குதுன்னு அர்த்தம். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறதுதான் மரியாதை. நாளைக்கு எழுதிடறேன்" என்றார்.

"இன்னைக்கு ஒருநாள் குடுங்க சார்."

"ஒருநாள்ல என்னம்மா மாறிடும்?"

அவள் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். அந்தக் கோடு அவளை உறுத்தியது. சாதாரண செல்லின் வரிசைகளில் கோடு தடியாக இருந்தது. நான்காவதில் மெல்லியதாக, மயிரிழை கீழே இருந்தது. ஒரே புரதம் என்றால் ஒரே உயரத்தில் அல்லவா நிற்கவேண்டும்? அவள் படத்தைக் கண்ணாடித் தாளில் அச்செடுத்தாள். முந்தின நாள் அதே சவ்வில் எடுத்த இன்னொரு படத்தையும் அச்செடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலில் பிடித்தாள்.

நான்காவது வரிசையின் கோடு, நேற்றைய கோட்டின்மேல் அச்சு அசலாகப் படிந்தது.

நேற்றைய படம் எது என்று சொல்லவேண்டும். எல்லா வரிசைகளிலும் சம அளவு மாதிரி விடப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க, எந்தச் செல்லிலும் இருக்கும் ஒரு பொதுப் புரதத்தை முதலில் பார்ப்பார்கள். அதை அங்கே சாட்சிப் புரதம் என்பார்கள். சாட்சியைப் பார்த்த சவ்வைத் தூக்கிப் போடாமல், நெடியடிக்கும் ஒரு திரவத்தில் கழுவினால் ஒட்டிய ஆன்டிபாடி போய்விடும். பிறகு அதே சவ்வில் அடுத்த ஆன்டிபாடியை ஊற்றலாம். ஒரு தடவை கழுவினால் சவ்வின் ஓரத்தில் ஒரு வெட்டு. சாட்சியை முதலில் பார், அது சரியாக இருந்தால் மட்டும் விலை கூடிய ஆன்டிபாடியை எடு. இந்தச் சிக்கன முறையைக் கொண்டுவந்தவளே சின்னவள்தான். ஐந்து மாதங்களுக்கு முன்பு. கூட்டத்தில் பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். சின்னவள் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

இப்போது ஜன்னலருகே நின்றபடி அந்த முறையையே மறுபடி யோசித்தாள். சாட்சிப் புரதமும் பழுது பார்க்கும் புரதமும் ஏறக்குறைய ஒரே எடை. சவ்வில் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கும். இரண்டு ஆன்டிபாடிகளும் முயலிலிருந்து வந்தவை. கடைசியில் ஊற்றி ஒளிர வைக்கும் திரவத்துக்கு முயல் என்றால் முயல்தான், எந்த முயல் என்று அது கேட்காது. கழுவியது சரியாகப் போகவில்லை என்றால்?

"அவசரக்குடுக்கை! போன வாரம் சாட்சி பாத்துட்டுக் கழுவி வெச்ச சவ்வு ஒண்ணு இருக்குல்ல, இன்னும் புது ஆன்டிபாடியே படாதது?"

"ஃபிரிட்ஜுல இருக்கு. எதுக்குக்கா?"

"எடு, எடு. கேள்வி அப்புறம்."

பழுது பார்க்கும் புரதத்தின் ஆன்டிபாடியைத் தொடவே இல்லை. கழுவி வைத்த அந்தச் சவ்வில் ஒளிர வைக்கும் திரவத்தை மட்டும் ஊற்றினாள். ஒரு மணி நேரம். கழுவல் மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அவசரக்குடுக்கை ஒன்பதாவது நிமிடத்தில் எடுக்கப் பார்த்தாள். சின்னவள் அவள் கையில் ஒரு தட்டு தட்டினாள். பெட்டிக்குள் வைத்ததும் எல்லா வரிசைகளிலும் கோடு பளிச்சென்று எழுந்தது.

"அக்கா! இதுல நாம எதையுமே தேடலையே!"

"தேடாமயே வருது பாரு. முன்னாடி வந்த விருந்தாளி இன்னும் கிளம்பல. அவரைப் பாத்துட்டுத்தான் நாம நம்ம ஆளைத் திட்டிக்கிட்டு இருக்கோம்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பிறகு சின்னவள் நின்றாள். சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பேராசிரியர் அறைக்குப் போய், "தப்பு என்னோடது சார். கழுவிப் பயன்படுத்தற முறை நான் கொண்டுவந்தது. இது ரெண்டும் ஒரே உயரம்கறதை நான் யோசிக்கல" என்றாள்.

"நானும்தானே கைதட்டினேன்" என்றார் அவர். "மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு குழாய். ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும்."

அன்று மாலை வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கை நடுங்குமா?" என்றார்.

"இதுவரைக்கும் நடுங்கினது இல்லண்ணா."

"அப்புறம் என்ன? சோத்தை எடுத்து வாயில வை. அதுக்கும் கை வேணும்ல?"

புதன்கிழமை புது ஜெல், புதுச் சவ்வு. ஓரத்தில் ஒரு வெட்டும் இல்லை. கடைசிக் குழாயைத் திறக்கும்போது அவசரக்குடுக்கையை வெளியே அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை பழுது பார்க்கும் புரதத்தின் ஆன்டிபாடிதான் முதலில். சாட்சியை, அதே மாதிரியில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்திலேயே ஓட்டிய தனிச் சவ்வில் பார்த்தாள்.

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்குப் பெட்டியின் முன்னால் நான்கு பேர். பேராசிரியர், மாணவி, சின்னவள், அவர்கள் முகத்தைப் பார்த்து என்னமோ ஏதோ என்று துடைப்பத்தோடு வந்து நின்ற துப்புரவு அம்மா. பத்து விநாடி. இரண்டாவது வரிசையில் கோடு. மூன்றாவதில் கோடு. நான்காவதில் ஒன்றுமில்லை. முப்பது விநாடி வைத்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் வைத்தார்கள். ஒளிர்வது படத்தில் கறுப்பாக விழும்; மற்ற இரண்டும் கரிக்கட்டையாகக் கறுத்தன. நான்காவது, வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது. தனிச் சவ்வில் சாட்சி, செல் விட்ட மூன்று வரிசையிலும் வேண்டிய இடத்தில் அழகாக நின்றது.

"ஒண்ணுமே வரலியேம்மா, பாவம்" என்றார் துப்புரவு அம்மா.

அவசரக்குடுக்கை அவரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். துடைப்பம் ஒரு பக்கம் பறந்தது. பேராசிரியர் சத்தமாகச் சிரித்ததை அந்தக் கூடத்தில் அன்றுதான் பலர் கேட்டார்கள். அவசரக்குடுக்கை அப்போதே பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஓடினாள்.

"நில்லு" என்றாள் சின்னவள். "ஆறு படத்துல நாலு, நான் அந்த முறையைக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி எடுத்தது. கடைசி ரெண்டு, கழுவின சவ்வு. அதை மறுபடி எடுக்கணும்."

"அக்கா, அதை யாருமே கேக்கலையே!"

"நான் கேக்கறேன்ல?"

பேராசிரியர் நடந்ததை அப்படியே எழுதி, இதழிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். இரண்டு படங்களையும் புதுச் சவ்வில் எடுத்தார்கள். ஒன்று முன்பு போலவே வந்தது. இன்னொன்று இன்னும் நன்றாக வந்தது: ஆக்சிஜனால் துரு ஏற்றிய செல்லில் கோடு எவ்வளவு தடித்தது என்பது, பழைய விருந்தாளி போனபிறகுதான் துல்லியமாகத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, சின்னவள் புது ஜெல்லில் மாதிரி விட்டுக்கொண்டிருந்தாள். பத்துக் குழிகளில் ஐந்தாவது. அவசரக்குடுக்கை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏத்துக்கிட்டாங்கக்கா! அளவுகோல் அக்கா! ஏத்துக்கிட்டாங்க!"

"இரு."

"உங்க பேரு வருதுக்கா, அச்சுல!"

"இருடி, ஆறாவது குழி."

ஆறு. ஏழு. எட்டு. அவசரக்குடுக்கை இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு தாவிக்கொண்டிருந்தாள். ஒன்பது. பத்து. ஒரு சொட்டும் பக்கத்துக் குழிக்குச் சிந்தவில்லை. சின்னவள் மூடியைப் பொருத்தினாள், சிவப்புக் கம்பியைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகினாள், மின்சாரத்தைப் போட்டாள், குமிழ்கள் எழுவதைப் பார்த்தாள். கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். அப்புறம்தான் போட்டாள் ஒரு கூச்சல். மாடியில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.