ஜவ்வாது மலையில் ஒரு நீலக் கட்டம்

காலை ஏழு மணிக்குக் கண்ணமங்கலத்திலிருந்து கிளம்பினோம். வண்டியை நான் ஓட்டினேன், பக்கத்தில் என் மனைவி அமலா. கால்களுக்கு வேலை இல்லாமல் கையாலேயே ஓட்டும்படி மாற்றியமைத்த கார் என்னுடையது. ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு நான் மலைப்பக்கம் போனதே இல்லை. மடக்கிய சக்கர நாற்காலி பின்சீட்டில் கிடந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது வண்டி நிறுத்தும் இடத்தைத்தான். கதவை முழுக்கத் திறந்து நாற்காலியை இறக்க ஒரு ஆள் அகலத்துக்கு இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கார் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பி வந்த ஊர்கள் பல.

படவேடு பிரிவில் டீ குடித்தோம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. போளூரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது வெயில் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் மெதுவாகப் போக, அமலா ஒவ்வொரு வளைவிலும் ஜெபமாலையை இறுக்கிக்கொண்டாள். கண்ணமங்கலத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகு, ஜமுனாமரத்தூருக்கு அப்பால், பதினோரு மணி வாக்கில் ஓர் அருவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாகன நிறுத்தம் நிரம்பி, சாலையின் இரண்டு ஓரங்களிலும் வேன்கள் நின்றன. ஆனால் அருவிக்குப் போகும் சிமெண்டுச் சரிவை ஒட்டி, நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே, அகலமான ஓர் இடம் காலியாகக் கிடந்தது. தரையில் நீலக் கட்டம், நடுவே வெள்ளையில் சக்கர நாற்காலிப் படம். ‘மாற்றுத்திறனாளிகள் வாகனம் மட்டும், ஊராட்சி மன்றம்’ என்று பலகை. இதுபோன்ற பலகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலகைக்குக் கீழே இடம் காலியாக இருந்து பார்த்ததில்லை. ஒரு பைக்கின் ஸ்டாண்டுகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

நான் காரை உள்ளே நுழைத்ததும் டீக்கடையில் பேச்சு நின்றது. வாகனக் கட்டண ரசீதுப் புத்தகத்துடன் ஒரு பெண் வேகமாக வந்தார். பெயர் வெள்ளச்சி என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். கோபமாகத்தான் வந்தார். நாற்காலி இறங்குவதைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

“நீங்களே ஓட்டிகினு வந்தீங்களாங்க?”

“ஆமாம்மா. டிக்கெட் எவ்ளோ?”

“காருக்கு முப்பது. உங்களுக்கு வாணாம்.” நகராமல் நின்றார். “மூடுபனி எறங்கறதுக்குள்ள வண்டிய எடுத்துருங்க.”

“ஏன், பனியில இன்னா?”

“எங்கண்ணன் வரும்.”

அண்ணன் வேறொரு வண்டியில் வருவார் என்றுதான் புரிந்துகொண்டேன். அமலா என் தோளைத் தொட்ட பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

அண்ணன் இறந்த கதையை அவர் எந்த நடுக்கமும் இல்லாமல் சொன்னார். அண்ணன் சடையனுக்கு இரண்டு காலும் போலியோ. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் புளியும் சாமையும் கொண்டுவந்து இங்கே விற்பார். ஊராட்சியில் பலமுறை கேட்டு இந்தக் கட்டத்தைப் போட வைத்தது அவர்தான். போட்ட பிறகும் யாரும் மதிக்கவில்லை. ஒருநாள் சுற்றுலா வேன் ஒன்று இங்கே நின்றது. எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்துப் பார்த்தார். டிரைவர் அசையவில்லை. கீழே வளைவு ஓரமாக நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்து இறங்கும்போது, பனியில் வந்த லாரி அவரைப் பார்க்கவில்லை.

“அன்னிலேர்ந்து பனி எறங்கினா ஹாரன் கேக்கும். எல்லாருக்கும் கேக்கும். அதான் எவனும் இங்க விடறதில்ல.”

அருவிக்குப் போனோம். சரிவு நன்றாகப் போடப்பட்டிருந்தது. யாரும் தூக்காமல், தள்ளாமல், மேடை வரைக்கும் நானே போனேன். சாரல் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்ததை அமலா பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு அவள் தண்ணீரைத் தொட்டுவரப் படிகளில் இறங்கினாள். எனக்குக் குளிர் ஏறவே, தனியாகத் திரும்பி வந்து காரில் ஏறி, நாற்காலியை மடக்கி உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மதியம் இரண்டு மணிகூட ஆகியிருக்காது. எதிர்மலை முதலில் மறைந்தது. பிறகு டீக்கடை, பிறகு என் காரின் முன்மூக்கு. குரங்குகள் சத்தம் நின்றது. அருவி இரைச்சல்கூடத் துணி போட்டு மூடியதுபோல அமுங்கியது.

அப்போது ஹாரன் கேட்டது. கீழே வளைவிலிருந்து, இரண்டு முறை.

மேலே ஏறிவரும் இன்ஜின் திணறல். அதனோடு ஒரு கடகடப்பு. பக்கச் சக்கரத்தின் போல்ட் தளர்ந்தால் வரும் சத்தம் அது. கார் வாங்கும் முன் நானும் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தேன். எனக்கு அதில் தப்பு வராது. சத்தம் நெருங்கி, காருக்குப் பின்னால் வந்து நின்று உறுமியது. மறுபடியும் ஹாரன்.

பின்கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. விளக்கும் தெரியவில்லை. பின்னால் எடுக்கலாம் என்றால் அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. இறங்கி ஓட என்னால் முடியாது. இன்ஜினைப் போட்டு, அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் அசைத்து, காரை இடது கோட்டோடு ஒட்டினேன். வலப்பக்கம் என் நாற்காலிக்கான அகலம் முழுதும் காலியானது. கண்ணாடியை இறக்கினேன்.

“அண்ணே, நானும் நடக்க முடியாதவன்தான். இவ்ளோ எடம் போதுமா பாருங்க.”

கடகடப்பு மெதுவாக என் கதவருகே வந்தது. பெட்ரோல் வாசனையோடு பச்சைப் புளி வாசனையும் வந்தது. இன்ஜின் அணைந்தது. சூடான இரும்பு குளிரும்போது எழும் ‘டிக் டிக்’ ஓசை என் முழங்கைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பனி விலகியபோது பக்கத்தில் ஒன்றும் இல்லை. டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளச்சி கட்டத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“எப்பவும் சுத்திக்கினே இருக்கும்ங்க,” என்றார். “அடிச்சிக்கினே இருந்துட்டுக் கீழ எறங்கிப் போய்டும். எடம் காலியா கெடந்தாலும் உள்ள வராது. இன்னிக்குத்தான் வண்டிய நிறுத்துச்சு.”

அமலா ஈரக் கால்களுடன் வந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளச்சி எழுந்து, அவள் கையில் ஒரு பொட்டலம் சாமையைக் கொடுத்தார். விலை சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போதும் அவர் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார், யாருக்கோ காவல் நிற்பதுபோல.

அதற்குப் பிறகு வேலூரில் ஒரு கடைவளாகத்துக்குப் போனேன். அங்கேயும் நீலக் கட்டம் உண்டு. அதற்குள் ஒரு கார் நின்றது. பின்னால் என் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உயிரோடு இருக்கிற ஆள்தான் என்று தெரிந்ததும் செல்போனுக்குத் திரும்பிவிட்டார்.