ஃபேபர் மலையில் திணறிய கார்

செல்வியின் கார் இப்போது ஃபேபர் மலையில் தடையின்றி ஏறுகிறது. சனிக்கிழமை காலை அவரே அனுப்பிய குரல் செய்தி இதை உறுதிப்படுத்துகிறது. காரில் இரண்டு பயணிகள் பெட்டிகளோடு இருந்தார்களாம். அதே காரில் அதே மலைக்கு நான் போனது அதற்கு முந்தைய வாரம், வெள்ளிக்கிழமை.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். விமானம் ஏற ஒரு நாள் மீதமிருந்தது. ரயிலில் பார்த்த ஊரைச் சாலை வழியாகவும் பார்க்கலாமே என்று அரை நாளுக்கு வண்டி பேசினேன். சிராங்கூன் சாலையில் நான் தங்கியிருந்த விடுதிக்காரர்தான் செல்வியின் எண்ணைக் கொடுத்தார். ஐந்து மணி நேரத்துக்கு நூற்றைம்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சாலைக் கட்டணமும் பார்க்கிங்கும் அதிலேயே அடக்கம்.

செல்விக்கு ஐம்பது வயது இருக்கும். பூன் லேயில் குடியிருக்கிறார். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். காலை ஒன்பது மணிக்கு வந்தார். முன்பக்கம் சிறிய பிள்ளையார் இருப்பதால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். பயணிகள் செருப்போடு ஏறுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேபர் மலை சுமார் ஒன்பது கிலோமீட்டர். சமதளத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மேட்டில் ஏறத் தொடங்கியதும் இன்ஜின் முனகியது, வேகம் இருபதுக்கு இறங்கியது. பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்து ஹார்ன் அடித்தது. அந்த ஊரில் ஹார்ன் சத்தம் கேட்பது அபூர்வம்.

உச்சியில் நான் துறைமுகத்தைப் பார்த்தேன். செல்வி பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதும் சொன்னார். இரண்டு மாதமாகவே இப்படித்தான். ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். அவருடையது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. பெருந்தொகை கட்டி இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம், அல்லது காரை ஒப்படைத்துவிடலாம். கியர்பாக்ஸ் போன காருக்கு நீட்டிப்பு வீண். ஒப்படைத்தால் பழையபடி வாடகை நிறுவனத்திடம் கார் எடுத்து ஓட்ட வேண்டும்.

"வாடகைக் காடின்னா காய்ச்சல்ல படுத்தாலும் வாடகை ஓடும், அண்ணே." அங்கே காரைக் காடி என்றுதான் சொல்கிறார்கள்.

பதினொரு மணிக்கு பூன் லேயில் வேறொரு மெக்கானிக் நேரம் கொடுத்திருந்தார். என்னை ஏதாவது ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுப் பாதிப் பணம் வாங்கிக்கொள்வதாகச் செல்வி சொன்னார். துறைமுகத்தைவிட இது சுவாரசியமாகப் பட்டது; கூடவே போனேன். கிளமெண்டி வழியாக விரைவுச்சாலையில் இருபது கிலோமீட்டர், அரை மணி நேரம், முழுக்க இடது ஓரத்திலேயே.

பட்டறை ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. சரிவுப்பாதையில் சுற்றிச் சுற்றி ஏறினோம், மெதுவாக. மெக்கானிக் காதருக்கு நாற்பது வயது.

"காடிக்கு வயசாச்சு அக்கா. உங்களுக்கு மட்டும்தான் ஆகல."

"வாயை மூடிட்டு பானட்டைத் திற லா." பேச்சின் முடிவில் 'லா' போடுவது அந்த ஊர் வழக்கம்.

காதர் முதலில் ஸ்கேனரை மாட்டினார். பழுது எதுவும் பதிவாகவில்லை. காற்று ஃபில்டர் கருத்துப் போயிருந்தது. இதுதான் என்று உறுதியாகச் சொல்லிப் புதிதாக மாற்றி, சரிவுப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். மாற்றமில்லை. அதன் பிறகு அவருடைய கேலி குறைந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார், நன்றாகவே இருந்தன. கியர்பாக்ஸ் எண்ணெயில் கருகிய வாசனை இல்லை. கடைசியாகச் செல்வியை உட்காரவைத்து, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுந்துகிறது என்று ஸ்கேனர் திரையில் பார்த்தார். முழுதாக அழுத்தினால் நூறை ஒட்டிக் காட்ட வேண்டும்.

"முழுசா அழுத்துங்க அக்கா."

"அழுத்திட்டேன்."

"முப்பத்தி நாலுதான் காட்டுது."

"தரையை ஓட்டை போடவா? இதுக்கு மேல போகல லா."

காதர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். காருடன் வந்த கால்விரிப்பின் மேல் தடித்த கம்பளம் ஒன்று கிடந்தது. வெறுங்காலோடு நாள் முழுக்க ஓட்டிக் குதிகால் வலித்ததால், இரண்டு மாதம் முன்பு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கி வெட்டிப் போட்டிருக்கிறார் செல்வி. அதன் மேல் ஓரம் மடங்கி பெடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. அதை உருவியதும் எண் தொண்ணூற்றெட்டு. அடுத்த முறை சரிவுப்பாதையில் நான் இருக்கையோடு பின்னுக்குச் சாய்ந்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. காதரும்தான். "மெதுவா போச்சுன்னு சந்தோசப்படுங்க அக்கா. பெடல் உள்ளேயே மாட்டி நின்னிருந்தா?"

அப்படியானால் ஐந்தாண்டுக்குத் தாங்குமா என்று செல்வி கேட்டார். பெடல் சரியாகிவிட்டது, ஆனால் பத்து வருட இன்ஜினுக்கு வாய் வார்த்தை தரமாட்டேன், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்றார் காதர். அன்று அவருக்கு நேரமில்லை.

அங்கே கார் எடுத்து ஓட்டப் போகிறவர்களுக்கு: கால்விரிப்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். கார் இழுக்கவில்லை என்றால் முதலில் பெடல் தரைவரை போகிறதா என்று பாருங்கள், பிறகு ஃபில்டர். கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும். ஃபேபர் மலைக்குப் பத்து மணிக்கு முன் போனால் கூட்டமில்லை. மெதுவான காரில் ஊர் நன்றாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிலிண்டர் சோதனை வரும் புதன்கிழமை. நீட்டிப்பதா, ஒப்படைப்பதா என்பது அன்று மாலை தெரிந்துவிடும் என்கிறார் செல்வி. அடுத்த மாதம் என் தங்கை அங்கே போகிறாள். அவளுக்கு ஒரு நாள் வண்டி வேண்டுமென்று கேட்டேன். புதன்கிழமைக்குப் பிறகு கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.