எல்லாம் பச்சை

பெங்களூரு ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கிடங்கு. அதன் குளிர் அறைகளில் இருக்கும் சென்சார்கள், வெப்பநிலைத் தகவலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, வயர் இல்லாமலே என் கணினிக்குக் கடத்தும். அன்று திரையில் மூன்றாம் அறை சிவப்பு காட்டியது. கஸ்டமர் வரும் நேரம். எங்கள் மேனேஜருக்கு அறையைப் பற்றிக் கவலையில்லை, நிறத்தைப் பற்றித்தான்.

"அந்த சென்சாரை லிஸ்ட்லேர்ந்து டெலிட் பண்ணுப்பா."

"சார், ரூம் சூடாவுது. போய்ப் பாத்துடலாம்."

"சொன்னத செய்."

செய்தேன். திரை முழுக்கப் பச்சை.

வந்த பெண்மணி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மூன்றாம் அறையைத் திறந்தார். உள்ளே ஜில்லிப்பே இல்லை. இன்சுலின் பெட்டிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

"ஸ்கிரீன்ல எல்லாம் கிரீன்தான் மேடம்!" என்றார் மேனேஜர்.

"கை வெச்சுப் பாருங்க சார்."

மேனேஜர் வைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "யாருப்பா அந்த சென்சாரை டெலிட் பண்ணது?" என்றார்.

அன்றிலிருந்து அவர் குட் மார்னிங் சொன்னால்கூட, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.