வலப்பக்கத்துப் பட்டியல்

என் மேஜை இழுப்பறையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி மடித்துக் கிடக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மேலிருந்து கீழாக மங்கலாக ஒரு கோடு தெரியும். ஒரு காலத்தில் அதில் இருபத்திரண்டு பொருள்களின் பெயர்கள் இருந்தன. பதினொன்று என் பங்கு, பதினொன்று அக்காவின் பங்கு.

அக்கா என் பெரியப்பா மகள். எட்டு மாதம்தான் மூத்தவள். ஸ்ரீரங்கத்தில் அடுத்தடுத்த வீடு. ஒன்றாக டிப்ளமா படித்து, அறுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் ஒன்றாகவே சேர்ந்தோம். கஞ்சி ஏற்றி வழவழப்பாக்கிய துணியில் மையால் வரைபடங்களைப் படியெடுப்பது எங்கள் வேலை. வீணான துண்டுகளை வீட்டில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மையும் கரைந்துபோய் நல்ல பருத்தித் துணி கிடைக்கும். பிரிவில் பாதிப் பேரின் கைக்குட்டைகள் அப்படி வந்தவைதான்.

இங்கிலாந்தில் ஒன்பது மாதப் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். தங்கப்போகும் விடுதி அனுப்பிய கையேட்டில், கோடை விடுமுறையில் கடலோரமாக ஐந்து நாள் சைக்கிள் பயணம் உண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக ஞாயிறுதோறும் வாடகை சைக்கிள் எடுத்துக் கொள்ளிடக் கரையில் ஓட்டிப் பழகினோம். வீணான துணித் துண்டு ஒன்றில் நான் நடுவே கோடு இழுத்துப் பட்டியல் போட்டேன். இடப்பக்கம் என் பையில் வருபவை, வலப்பக்கம் அவள் பையில். எந்தப் பொருளும் இரண்டு முறை வரக் கூடாது என்பது என் விதி. பஞ்சர் ஒட்டும் டப்பா என்னுடையது, பம்ப் அவளுடையது. கடைசியில் கோட்டின் இரண்டு பக்கமும் படும்படி அக்கா ஒரு வரி எழுதினாள்: ‘ஐந்தாம் நாள் மழையானாலும் ஓட்ட வேண்டும்.’

புறப்பட இரண்டு மாதம் இருக்கையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். வெளிநாடு வேண்டாம் என்றார்கள். அவளும் சரி என்றாள். அந்தச் சரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எனக்கும் சேத்து நீ ஓட்டிட்டு வா.”

“ஒரு சைக்கிள ரெண்டு பேருக்கு ஓட்ட முடியாதுக்கா.”

அதன்பின் நான் அவளிடம் பேசவில்லை. அவள் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறினேன், பேசவில்லை. ஜங்ஷனுக்கு வழியனுப்ப வந்த கூட்டத்தில் அவளும் நின்றாள். நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடலோரத்தில் நான்கு நாள் நல்ல வெயில். ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்தே மழை. கடைசி ஊருக்குப் பதினோரு மைல் இருந்தது. உடன் வந்த நால்வரும் சைக்கிள்களோடு ரயிலில் போய்விடலாம் என்றார்கள். நான் ஓட்டியே வருவதாகச் சொன்னேன். என் அறைத் தோழி, “யாருக்கு நிரூபிக்க?” என்று சிரித்தாள். நான் கிளம்பிவிட்டேன்.

இடப்பக்கம் கடல் இருந்திருக்க வேண்டும், இரைச்சல்தான் கேட்டது. மழைக்கோட்டுக்குள் தூக்கிச் செருகிய புடவை முழங்காலில் ஒட்டிக்கொண்டது. ஆறாவது மைலில் பின்சக்கரம் இறங்கியது. சாலையோரத்து ஆட்டுக் கொட்டகைக்குள் நின்று ட்யூபை உருவி, துடைத்து, உரசி, ஒட்டி, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். செய்முறையில் ஒரு தவறும் இல்லை. பிறகு பையில் கை விட்டேன். பம்ப் இல்லை.

அது தொலையவில்லை. என் பையில் ஒருநாளும் இருந்ததில்லை. நான்கு நாளும் யாராவது ஒருவரின் பம்ப் பக்கத்திலேயே இருந்ததால் தெரியாமல் போயிற்று. துணியை எடுத்துப் பார்த்தேன். என் பக்கம் பதினொன்றுக்கும் டிக். வலப்பக்கம் டிக்கும் இல்லை, அடித்தலும் இல்லை. அடித்திருந்தால் அவள் வரவில்லை என்று நானே ஒப்புக்கொண்டது ஆகியிருக்கும். அவள் பங்கையும் நானே எடுத்து வைத்திருந்தால் அவள் இல்லாமலும் முடியும் என்று ஆகியிருக்கும். இரண்டையும் செய்யாமல் கப்பல் ஏறியிருக்கிறேன்.

ஒரு வேன் நின்றது. ஏற்றிக்கொள்ளட்டுமா என்றார் ஓட்டியவர். வேண்டாம் என்றேன். மீதி ஐந்து மைலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழியில் ஓர் ஆள்கூட எதிர்ப்படவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டியவற்றை முதல் மைலிலிருந்து வரிசைப்படுத்தினேன். கடைசி மைலில் ஒன்றுதான் மிஞ்சியது.

தங்குமிடத்தில் மழைக்கோட்டின் பையில் கை விட்டபோது துணி வெறுமையாக வந்தது. மழை ஊறவைத்து, நடை கசக்கியிருந்தது.

ஊர் திரும்பியதும் மார்க்கெட் பக்கத்திலிருந்த அவள் வீட்டுக்குப் போனேன். நான் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொல்வதற்குள் அவளே கேட்டாள்.

“முழுசா ஓட்டினியாடி?”

“கடைசி அஞ்சு மைல் தள்ளிக்கிட்டு நடந்தேன். பம்ப் உன் பக்கத்துல இருந்துச்சுக்கா.”

“பட்டியல் போட்ட மகாராணி நீதானே” என்று சிரித்தாள். பிறகு உள்ளே போய், கட்டிலடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். கட்டிய சணல்கூட அவிழ்க்கப்படவில்லை. மேலிருந்து தொட்டாலே பம்ப் என்று தெரிந்தது.

“ஸ்டேஷனுக்குக் கொண்டாந்தேன். நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.”

சொல்ல வேண்டிய அந்த ஒன்றைச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்கு, காப்பியக் குடி” என்றாள். முன்போலவே பேசிக்கொள்கிறோம். ஆனால் சைக்கிளைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அந்தப் பம்ப் இப்போது மண்டியில் இருக்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் காற்றடிக்கிறார்கள்.

தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் நான் தனியாக இருக்கிறேன். வெளியூர் போகப் பட்டியல் எழுதினால் ஒரே வரிசைதான், எல்லாம் என் பையில்தான். தன் குழந்தைக்குச் சட்டை தைக்கத் துண்டுத் துணி இருக்கிறதா என்று அக்கா கேட்டபோது வேறு துணிகளை ஊறவைத்துக் கொடுத்தேன். இதைக் கொடுக்கவில்லை. எழுத்தெல்லாம் போய்விட்டது. நான் அழுத்தி இழுத்த கோடு மட்டும் எத்தனை முறை அலசியும் போகவில்லை.