பிள்ளையார் இல்லாத பை

தமிழ்நாட்டில் நடக்கிற கல்யாணமெல்லாம் எங்கள் வயலுக்கு வந்து சேரும். பத்திரிகை வராது, பை வரும். தாம்பூலப் பை. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் சோப்பு, சீயக்காய், மாற்றுத்துணி எல்லாவற்றையும் வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு தாம்பூலப் பையில் திணித்துக்கொண்டு வருவார்கள். திரும்பும்போது பை அருவிக்கரையில் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சிற்றாற்றில் இறங்கி, கால்வாயில் திரும்பி, மேலகரத்தில் கடைமடையில் இருக்கும் எங்கள் வயலின் மடைக்குழாயில் வந்து செருகிக்கொள்ளும். பண்ருட்டி மாப்பிள்ளையும் தேனிப் பெண்ணும் கும்பகோணத்துத் தாய்மாமன்களும் பைமேல் அச்சான சிரித்த முகத்தோடு எங்கள் தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்பார்கள்.

சீசன் காலத்தில் என் வீட்டுக்காரர் எழுந்ததும் முதலில் மடைக்குத்தான் போவார். குழாய்க்குள் தோள்வரை கையை விட்டுப் பைகளை உருவி வெளியே போடுவார். வெளியூர்ப் பைகளோடு அவருக்குப் பகை எதுவும் இல்லை. தென்காசிப் பை அகப்பட்டால் மட்டும் அதை அலசி வீட்டுக்குக் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவரில் காயப்போடுவார். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் நான் டிசைன் செய்ததாக இருக்கும்.

தென்காசியில் ஓர் அச்சகத்தில் நான் டிசைனர். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள், இன்று என் மகளுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது. பூப்புனித நீராட்டு, காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர்க்காரர்கள் சிரித்ததும் அழுததும் பாதிக்கு மேல் என் மானிட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது. ஃப்ளெக்ஸையாவது மன்னித்துவிடலாம். கிழித்து மாட்டுத்தொழுவத்துக்கு மேலே கட்டுகிறார்கள், புளியங்குடியில் எலுமிச்சை மூட்டையை மூடுகிறார்கள். தாம்பூலப் பைக்குத்தான் நல்ல சாவு கிடையாது.

அதைத் துணிப்பை என்று ஊரே சொல்கிறது. நூலும் கிடையாது, நெசவும் கிடையாது. பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி ஒட்டவைத்துத் துணி மாதிரி செய்த சமாச்சாரம். தொட்டுப் பார்த்தால் துணி. கொளுத்திப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக வடியும். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது இதையும் சேர்த்துத்தான் தடுத்தார்கள். ஆனால் பெயரிலேயே துணி இருக்கிறதே, யார் கேட்கப்போகிறார்கள்? சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தால் மூட்டைகள் பின்கட்டுக்குப் போகும், ஆள் போனதும் முன்னால் வரும்.

போதாததற்கு இலை வேறு. பையின் அடியில் ஒரு பச்சை இலை, பக்கத்தில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று ஒரு வரி. இதை முதலில் கேட்டது யாரோ ஒரு வாடிக்கையாளர். பிறகு கேட்காதவர்களுக்கும் போட ஆரம்பித்தோம். எங்கள் முதலாளி அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று மானிட்டரை எட்டிப் பார்ப்பார்.

“தங்கச்சி, இலை போட்டாச்சா?”

“போட்டாச்சு அண்ணாச்சி.”

கல்யாண வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சாப்பாடு வரும். எங்கள் கடையில் கேட்டால் பொய் வரும். அந்த இலையை வரைந்ததும் நான்தான். காம்பு சற்றுக் கோணலாகப் போய்விட்டது, திருத்தாமல் விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரன் பையை அருவியில் விட்டுவிட்டுப் போகிறான், சரி, அவனுக்கு இது யார் ஊரோ. உள்ளூர்க்காரர்களின் பை எப்படி ஆற்றுக்கு வருகிறது என்பதுதான் எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஆற்றுப்பாலத்தில் நடந்து போகும்போது விடை கிடைத்தது. என் வயதுடைய ஒரு பெண் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு கட்டு வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைகள், தாம்பூலப் பைகள். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றி ஆற்றில் விட்டாள்.

“ஏன் அக்கா ஆத்துல போடுதீங்க?” என்றேன்.

“மேல பிள்ளையார் இருக்காருல்லா? குப்பையில போட்டா தோஷம். ஓடுத தண்ணில விட்டா அவரு பாட்டுக்குப் போயிருவாரு.”

“எங்க போவாரு?”

“கடலுக்குத்தான்.”

“கடலுக்கெல்லாம் போவல. எங்க வயலுக்குத்தான் வருதாரு.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த பையைக் கண்ணில் ஒற்றினாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள்மேல் வரவில்லை. பக்தியில் என்ன குற்றம்? பையின் மேல் பிள்ளையாரை வைத்தது நான். அடியில் இலையை வைத்ததும் நான். மேலே பார்த்தால் கும்பிட வேண்டும், கீழே பார்த்தால் மக்கிவிடும் என்று நம்ப வேண்டும். இரண்டையும் நம்பிய மனுஷி அதை ஆற்றில்தான் விடுவாள்.

கடையநல்லூரிலிருந்து ஜவுளி வியாபாரி ஒருவர், மகன் துபாயிலிருந்து வருவதற்குள் கல்யாண வேலைகளை முடித்துவிட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார். பைக்கு மாதிரி போட்டுக் காட்டினேன். உச்சியில், முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வழக்கம்போல, 786 வைத்திருந்தேன். அதை விரலால் மறைத்துக் காட்டினார்.

“இது மட்டும் வேண்டாம்மா. பத்திரிகையில இருக்கட்டும். பை கடைசில யாரு காலடியில கெடக்கும்னு நமக்குத் தெரியுமா?”

எனக்குப் பளிச்சென்று பட்டது. சாமியை மதிக்கிறவர் சாமியைப் பையில் போட வேண்டாம் என்கிறார். பிள்ளையாரை எடுத்துவிட்டால் பை வெறும் பைதானே? குப்பை வண்டிக்குப் போகும். என் வீட்டுக்காரரின் தோள் கொஞ்சம் காயும். அன்றைக்கே அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பிள்ளையார் இல்லாம கல்யாணப் பையா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் நம்ம கடையத்தான் கை காட்டுவானுவ. நீ இலையப் போடு தாயி.”

போட்டேன். ஆனால் மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். ஊரான் கல்யாணத்தில் என் பேச்சு எடுபடாது. என் மகள் கல்யாணத்தில் எடுபடும்.

மகளுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. சம்பந்தி எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். பேச்சு வெல்லம். ஆனி முகூர்த்தம், தென்காசியில் மண்டபம். பை பெண் வீட்டுப் பொறுப்பு என்று பேசி முடித்தபோது நான் உள்ளூரத் துள்ளினேன். அசல் பருத்தித் துணி எடுத்து, மஞ்சள் சாயம் போட்டு, எங்கள் தெருவிலேயே தையல் தெரிந்த இரண்டு பெண்களிடம் கொடுத்துத் தைத்தேன். ஒரே நிறத்தில் அச்சு. பிள்ளையார் இல்லை, இலை இல்லை, முகம் இல்லை. மணமக்கள் பெயர், தேதி, அடியில் ஒரு வரி: ‘கிழியும்வரை வைத்திருங்கள். கிழிந்தால் கரித்துணி ஆகும்.’

மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். “யம்மா, ஒன்னய மாதிரியே இருக்கு.”

என் வீட்டுக்காரர் ஒரு பையை வாங்கி, இரண்டு காதையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். “இது நம்ம மடைக்கு வந்தாலும் நான் வீட்டுக்குக் கொண்டாந்து வச்சுக்கிடுவேன்” என்றார். என் தொழிலில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

சம்பந்தி வீட்டுக்கு ஒரு மாதிரி கொடுத்து அனுப்பினோம். அடுத்த நாளே கணவனும் மனைவியுமாகக் காரில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மாள் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“துணி நல்லாருக்கு மதினி. ஆனா கல்யாணப் பையில ‘கிழிந்தால்’னு எழுதலாமா? கரித்துணின்னு வேற.”

“கிழியாத துணி ஏது மதினி?” என்றேன்.

“துணியவா நாங்க சொல்லுதோம்?”

நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தி கையமர்த்தினார். “பிள்ளையார் இருந்தா நல்லாருக்கும். நம்ம கமிஷன் கடைப் பேரு பின்னால இருந்தா இன்னும் நல்லாருக்கும், ஒரு வருசம் வீட்டுக்கு வீடு தொங்கும்லா? சரி, வேண்டாம்னா வேண்டாம். ஒங்க இஷ்டம் மதினி.”

ஒங்க இஷ்டம் என்று சம்பந்தி சொன்னால் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரோடு பழக்கமில்லாத எனக்கு அது தெரியவில்லை.

கல்யாணத்தன்று முதல் பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டு வந்தபோது வாசலைப் பார்த்தேன். தாம்பூல மேசையில் ரோஸ் நிறத்தில் பை மலை மாதிரிக் குவிந்திருந்தது. மேலே பிள்ளையார். நடுவில் என் மகளும் மருமகனும், நிச்சயதார்த்தப் போட்டோ. பின்பக்கம் ஒரு கூடை எலுமிச்சை, கமிஷன் கடையின் பெயர். அடியில் பச்சை இலை. காம்பு கோணலாக இருந்தது.

என் இலை, என் கடை, என் கம்ப்யூட்டர். நான் லீவில் இருந்த நாட்களில் வேலை முடிந்திருக்கிறது. மொய் எழுதிவிட்டு, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

“அவிய வந்து கேட்டாவ தங்கச்சி. நான் மாட்டேம்னா வேற கடைக்குப் போயிருவாவ. நம்ம வீட்டு வேலை நம்ம கடையிலேயே இருக்கட்டும்னுதான்.”

மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவளுக்கு வாய் கிடையாது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வருகிறவர்களுக்கு என் கையாலேயே அந்தப் பையை எடுத்துக் கொடுத்தேன். என் மஞ்சள் பைகள் எங்கே என்று யாரிடம் கேட்பது? சமையல்கட்டுக்குப் போனபோது தெரிந்தது. சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்டாவின் இரண்டு பக்கமும் சுடாமலிருக்க மடித்துப் பிடித்திருந்தது என் பைகளை. கரித்துணி ஆகும் என்று எழுதினேன், ஆகிவிட்டது. கிழியும்வரை காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

புளியங்குடியிலிருந்து வந்தவர்கள் வேனில் வந்தவர்கள். சீசன் நேரத்தில் தென்காசிவரை வந்துவிட்டுக் குளிக்காமல் போவார்களா? சாப்பிட்ட கையோடு மெயின் அருவிக்குப் போய்விட்டார்கள். தேங்காயையும் பழத்தையும் வேனில் வைத்துவிட்டு, பையில் துண்டையும் சோப்பையும் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பார்கள். அதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. அன்று ராத்திரி மலையில் நல்ல மழை.

மறுநாள் தொடங்கி மூன்று நாள் சம்பந்தி வீட்டு விருந்து. எங்கள் கால்வாயில் முறைத் தண்ணீர்தான். அவரவர் முறை வரும்போது பாய்ச்சிக்கொள்ள வேண்டும், விட்டால் அடுத்த முறைவரை வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் முறை சரியாக விருந்து நாட்களில் வந்து விழுந்தது. நாற்று தயாராக இருந்தது. தண்ணீர் பாய்ந்ததும் சேறு கலக்கித் தொளி அடித்து நட வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரர் போகமாட்டேன் என்றார். நான்தான், பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று இழுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வயல்காரரிடம் மடையைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுப் போனோம். அவர் சொன்னபடி திறந்தார், தன் வேலையைப் பார்க்கப் போனார். குழாய் அடைத்துக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. எங்கள் முறைத் தண்ணீர் முழுவதும் கரை வழிந்து வடிகாலுக்குப் போய்விட்டது.

விருந்து முடிந்து வந்தபோது வயல் காய்ந்த கட்டியாகக் கிடந்தது. அடுத்த முறை வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது. முற்றிய நாற்றை நட்டு என்ன ஆகப்போகிறது? என் வீட்டுக்காரர் அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். இந்த வருஷம் எங்களுக்குக் கார் பருவச் சாகுபடி இல்லை.

நாங்கள் திரும்பி வந்த அன்றே அவர் மடைக்குப் போய்க் குழாயைச் சுத்தம் செய்தார். வீட்டுக்கு வரும்போது கையில் ஒரே ஒரு பை இருந்தது. அதைச் சுவரில் காயப்போடவில்லை. நேரே வந்து என் கையில் கொடுத்தார். ரோஸ் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல மை. என் மகள் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொல்லைப்புறம் போனேன். மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காத குப்பைக்கு ஒரு வாளி வைத்திருக்கிறோம். மக்காத குப்பை வாளியின் மூடியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் பழைய பல்துலக்கியும் கிடந்தன. பையை அதற்கு மேலே பிடித்தேன். என் பிள்ளை முகம். அதற்கு மேலே பிள்ளையார். கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. போடு, வெறும் பிளாஸ்டிக்தானே என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. மூடியைப் பிடித்தபடி நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.

பின்னால் அவர் வந்து நின்றது தெரிந்தது. கையிலிருந்து தோள்வரை சேறு இன்னும் காயவில்லை.

“என்னட்டி, கை வரலையா?” என்றார். “அப்பம் ஆத்துலயே விட்டுருவமா?”